கடலுக்கு நீளம், அம்மாவுக்குக் குட்டை

மைத்தூளைத் தண்ணீரில் கரைக்கும்போது எழும் அந்தத் துரு வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குப் பரீட்சை நாள் ஞாபகம் வரும். எங்கள் தீவில், ரோஸ் பெல் ஊருக்கு அருகே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த எங்கள் பள்ளியில் வருடம் முழுவதும் 'லார்துவாஸ்' என்ற கற்பலகையில்தான் எழுதினோம். மையும் பேனாவும் அலமாரியை விட்டு வெளியே வந்தால், இன்ஸ்பெக்டர் பரீட்சை எடுக்க வரப்போகிறார் என்று அர்த்தம். அவர் குதிரைவண்டியில் வந்து இறங்கும் அந்த ஒரு நாளில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதில்தான் பள்ளியின் மானமும், 'மிஸ்யே' என்று நாங்கள் அழைத்த ஆசிரியரின் மானமும் இருந்தன. அதனால் ஒரு மாதத்துக்கு முன்பே, நன்றாகப் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் தடுமாறும் பிள்ளை ஒன்றை மிஸ்யே ஒப்படைத்துவிடுவார். பத்து வயதில் நான் வகுப்பில் முதல் மாணவன். அந்தத் திமிரும் எனக்குக் குறைவில்லாமல் இருந்தது. என்னிடம் ஒப்படைக்கப்பட்டவள் அடுத்த வீட்டு லெச்சுமி.

அவளுடைய அப்பா கொஞ்ச நிலத்தில் சொந்தமாகக் கரும்பு போட்டிருந்தவர், பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பியதே பெரிய காரியம் என்று நினைத்தவர். "இந்த வருசம் பாஸ் பண்ணினா படி. இல்லேன்னா என்கூட களை கொத்த வந்துடு" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். படிப்பின் மேல் லெச்சுமிக்கு இருந்த ஆசையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. கணக்கில் அவள் புலி. பிரெஞ்சு 'திக்தே', அதாவது சொல்லச் சொல்லக் கேட்டு எழுதுவது, அதுதான் அவள் காலை வாரிவிடும்.

வீட்டில் நாங்கள் அம்மா என்போம். தெருவில் பேசும் கிரியோலில் அம்மாவுக்கு 'மாமா' என்று பெயர். அதைச் சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்போம். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சிலோ அம்மாவும் 'மேர்', கடலும் 'மேர்'. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுதும்போது மட்டும் ஒன்றுக்குக் கூடுதலாக ஓர் எழுத்தும் தலைமேல் ஒரு கோடும் வரும். எதற்கு வரும் என்று லெச்சுமி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. "கடல் எவ்வளவு பெருசு? அதனால கடலுக்கு நீளமா எழுது, அம்மாவுக்குக் குட்டையா எழுது" என்று அளந்துவிட்டேன். "அட, இவ்வளவுதானா!" என்று அவள் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை பலகையில் எழுதி எழுதி அழித்தாளோ தெரியாது.

பள்ளிக்கு இருந்த ஒரே பிரெஞ்சுப் புத்தகம் மிஸ்யேயின் மேசையிலேயே இருக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் அவர் அதை அலமாரியில் எடுத்து வைக்கச் சொன்னபோது புரட்டிப் பார்த்தேன். நான் சொன்னது தலைகீழ். நீளமாக எழுதுவதுதான் அம்மா. எங்கள் வீட்டுக்கும் லெச்சுமி வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அன்று மாலை நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தச் சொல் நாளைக்கு வராமலே போகலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வாசித்தது, காய்ச்சலில் படுத்த தாயைப் பெண்குழந்தை பார்த்துக்கொள்ளும் கதை. வரிக்கு வரி 'மேர்' வந்தது. நான் ஒவ்வொன்றையும் சரியாக எழுதினேன். பக்கத்தில் லெச்சுமி துளித் தயக்கமும் இல்லாமல் எழுதிக்கொண்டே போனாள். தாள்களைத் திருத்திய இன்ஸ்பெக்டர் அவளுடையதைக் கையில் எடுத்து, இந்தப் பெண் வீட்டில் கடலுக்குக் காய்ச்சலாம், கடலுக்குக் கஞ்சி ஊட்டினாளாம் என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மிஸ்யேக்கு முகம் சிறுத்துவிட்டது. "இப்படி எழுதச் சொல்லி உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?" என்று அவளை அதட்டினார். லெச்சுமி என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நான் சரியாத்தான் சொன்னேன் மிஸ்யே. அவதான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டா."

இன்ஸ்பெக்டர் கையில் இருந்த தன் தாளை அவள் எட்டிப் பார்த்தாள். "ஆமா மிஸ்யே, நான்தான் மாத்திப் புடிச்சிருப்பேன்" என்றாள். என்னைக் காப்பாற்ற அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் தப்பாகச் சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் தேறவில்லை. மறுவாரம் அப்பாவோடு வயலுக்குப் போய்விட்டாள்.

அந்தப் பள்ளிக்கூடம் இன்று இல்லை, அது இருந்த இடத்தில் கரும்பு நிற்கிறது. குதிரைவண்டி போய் மோட்டார் வந்துவிட்டது. மிஸ்யேயும் காலமாகிவிட்டார், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அவர்கூட இல்லை. பரீட்சை மட்டும் இருக்கிறது. ஊரின் புதுப் பள்ளியில் அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் மிஸ்யே இப்போது நான்தான். போன மாதம் லெச்சுமி தன் மகளைப் பள்ளியில் சேர்க்க அழைத்து வந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள், கைகள் காய்த்துப்போயிருந்தன. சின்ன வயதில் என்னை வாடா போடா என்றவள், வாசலிலேயே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"இதுக்கும் மண்டையில ஏறலேன்னா கோவிச்சுக்காதீங்க மிஸ்யே. நீங்களே ஒக்காந்து சொல்லிக்குடுத்தும் தேறாத மக்கு பெத்த புள்ள இது" என்று சிரித்தாள்.

இத்தனை வருடமும் அவள் அதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை பேர் என்ன?" என்று கேட்டேன்.