கொக்கின் குதிகால்

அந்தச் செருப்புக்கடையில் அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தது மேனேஜர்தான். குதிகால் வலி பொறுக்காமல் அவள் அவ்வப்போது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பாள்.

"என்ன கொக்கு, மீன் சிக்குச்சா?" என்பார். வாங்க வந்தவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

விற்கும் பெண்கள் எல்லோரும் புதிதாக வந்த ரகத்தைத்தான் காலில் போட்டிருக்க வேண்டும் என்பது மேனேஜர் போட்ட விதி. நடமாடும் விளம்பரம். அந்த முறை வந்தது அட்டை மாதிரித் தட்டையான செருப்பு. அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து, காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி ஏறியதுபோல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள்.

"சார், கொஞ்ச நாளைக்கு வேற செருப்பு போட்டுக்கறேனே?"

"தாராளமா போட்டுக்கோ. வேற கடையில வேலை தேடிக்கிட்டுப் போட்டுக்கோ."

தங்கையின் படிப்பு அவள் தலையில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் மறக்கவில்லை.

மருத்துவமனையில் பிசியோதெரபி பெண் அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னாள். குதிகால் தானாக எழும்பிவிட்டது.

"பாத்தீங்களாக்கா? கெண்டைக்கால் சதை இறுகிக் கிடக்கு, கணுக்கால் மடங்க மாட்டேங்குது. அதுக்கு ஈடுகட்ட உங்க தட்டைப் பாதம் உள்பக்கமா சரியுது. அடிக்கு அடி உள்ளங்கால் நார் இழுபடுது. அது போய்க் குதிகால்ல ஒட்டற இடம்தான் வலிக்குது."

"தட்டைப் பாதம்னாலே இப்படித்தானா?"

"இல்லக்கா. வலியே இல்லாத தட்டைப் பாதமும் உண்டு. வளைவு அதிகமா இருந்து வலிக்கறவங்களும் உண்டு. உங்களுக்குச் சதையை நீட்டற பயிற்சி வேணும். செருப்பு, பின்னால கொஞ்சம் உயரமா, நடுவுல பாதத்தைத் தாங்கற மாதிரி இருக்கணும்."

அப்படிப்பட்ட செருப்பு அவள் கடை அலமாரியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி கல்லாவில் உட்காரும் நாளாகப் பார்த்து விடுப்பு எடுத்தாள். இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு கடைக்குள் நுழைந்து, வாங்க வருபவர்கள் உட்காரும் இருக்கையில் சாய்ந்தாள். வாங்க வந்தவர் யாராக இருந்தாலும் முட்டி போட்டுத்தான் செருப்பு மாட்டிவிட வேண்டும். இது முதலாளியின் சட்டம்.

"மேனேஜர் சார்தான் வரணும். அவர் அளவுக்குக் கால் பாக்க இங்க ஆள் கிடையாது."

முதலாளி சிரித்தார். "போங்க சார், கூப்பிடறாங்கல்ல?"

மேனேஜர் முட்டி போட்டார். காது சிவந்தது. அவள் வேண்டாத ஜோடிகளையெல்லாம் பரணிலிருந்து எடுத்துவரச் சொன்னாள். ஏறினார், இறங்கினார். அவர் நெற்றியில் வியர்வை வழிவதைப் பார்த்தபோது அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"பாதத்தை மேல மடக்கிப் பாருங்க சார். மடங்குதா?"

தள்ளிப் பார்த்து, "இல்ல," என்று முனகினார்.

"கல்லாவுக்குக் கேக்கல."

"மடங்கல!"

"அப்ப இந்தக் காலுக்கு எது சரி? தினம் நான் போடற அட்டையா?"

முதலாளி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பொருந்தாத செருப்பைத் தலையில் கட்டுபவனை அவர் ஒரு நிமிடம்கூட வேலையில் வைத்திருக்க மாட்டார். மேனேஜர் பின்பக்கம் உயர்ந்த ஜோடியை எடுத்தார்.

"இதுதான் சரி," என்றார்.

"அப்ப வேலைக்கு வரும்போதும் இதையே போட்டுக்கம்மா," என்றார் முதலாளி.

வலது காலில் மாட்டிவிட்டு மேனேஜர் எழப்போனார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அவள். "இன்னொரு கால் இருக்கு சார்."