குடத்தில் தெரிந்த பீரோ

பாத்திரக்கடை அண்ணனின் விளம்பரத்துக்காகக் கணினியில் ஒரு பித்தளைக் குடம் செய்துகொடுத்தேன். மென்பொருளோடு வருகிற பின்னணிகளில் எல்லாம் பனிமலையும் வெளிநாட்டுச் சமையலறையும்தான்.

"நம்ம ஊரு வூடு மாதிரி இருக்கணும்மா" என்றார்.

எங்கள் கூடத்தையே சுற்றிச் சுற்றிப் படமெடுத்துப் பின்னணியாகப் போட்டேன். வீடு அடையாளம் தெரியக் கூடாதென்று மங்கலாக்கியும் விட்டேன்.

இன்று காலை கடையின் முகநூல் பக்கத்தில் படம் வந்தது. முகமில்லாத ஒரு கணக்கிலிருந்து முதல் கேள்வி: "பீரோல சாவி தொங்கிகினு கீதே, யார் வூடு இது?"

இப்படி எழுதுகிறவர் நம் பக்கத்து ஆள்தான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னணிதான் மங்கல்; குடத்தில் விழும் பிம்பத்தை மறந்துவிட்டேன். பளபளக்கும் குடத்தின் வயிற்றில் எங்கள் பீரோ, சாவிக்கொத்து, வாசல் கதவு, ஜன்னலுக்கு வெளியே ஊருக்கே தெரிந்த மலைப்படி, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

பகலில் நான் வீட்டில் தனி. கதவைத் தாழிட்டுவிட்டு அண்ணனுக்கு போன் செய்தேன்.

"அந்தப் படத்த உடனே எடுத்துடுங்கண்ணா."

"ஆங், எடுத்துடறேம்மா. ஆனா பஸ் ஸ்டாண்டுல பேனர் கட்டிட்டாங்களே. சூப்பரா கீது. குடம் ஆள் உயரம்!"

அப்படியென்றால் சாவி ஒரு சாண் இருக்கும்.

பீரோ சாவியை இடம் மாற்றிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிறவர்கள், குடத்தில் என்னென்ன தெரிகிறதென்று கீழே எழுதுங்கள். நேரில் வந்து சொல்ல வேண்டாம், கதவைத் திறக்கமாட்டேன்.