விழவே இல்லை என்று சொன்ன ஹவில்தார்

பூட் பாலிஷ் வாசனை... செவ்வாய்க்கிழமைக் காலைகளில் எங்கள் பிரிவின் நடைக்கூடத்தில் ஃபினாயிலையும் மீறி அதுதான் அடிக்கும்.

ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கான முதியோர் மருத்துவப் பிரிவு அது. எழுபதும் எண்பதும் கடந்தவர்கள் முகம் மழித்து, ஷூவை மினுக்கி, எட்டு மணிக்கே வந்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவார் என்று தெரிந்தும்தான்.

நான் சொல்ல வந்தது 2012 ஜூலையில் நடந்தது. ஜூன் என்று முதலில் எழுதிவிட்டுத் திருத்தினேன். அந்த ஜூன் முழுவதும் நான் புணேயில் இருந்தேன். இதைப் படிக்கும் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாதம் பிசகினால் எனக்கு மேற்கொண்டு எழுத ஓடாது.

அப்போது நான் வைத்தியத்தோடு ஓர் ஆய்வும் செய்துகொண்டிருந்தேன். முதிய வீரர்கள் ஏன் கீழே விழுகிறார்கள் என்பது அதன் பொருள். ஆய்வில் ஒரே ஒரு சங்கடம்... யாரும் விழுந்ததாகவே ஒப்புக்கொள்ளவில்லை. எலும்பு முறிந்து கட்டுப்போட்டு வந்தவர்கூட "நோ கம்ப்ளெய்ண்ட், ஸாப்" என்பார்.

காரணம் பிடிபட எனக்குச் சில மாதங்கள் ஆயின. பணியில் இருந்த காலத்தில் டாக்டரிடம் வாய்விட்டால் உடல்தகுதி குறையும். தகுதி குறைந்தால் பதவி உயர்வு போகும். சீருடையைக் கழற்றி முப்பது வருடம் ஆகியிருக்கும். அந்தப் பயத்தை மட்டும் அவர்கள் கழற்றவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவர் ஹவில்தார் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்தவர், ஆண்டாப் ஹில்லில் ஒரே அறையில் குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. உடன் மனைவி பேச்சியம்மாள். அந்த அம்மாளின் இடது மணிக்கட்டு வீங்கி நீலம் பாரித்திருந்தது.

"கையில் என்னம்மா?"

"வாளி வழுக்கிட்டு டாக்டரய்யா."

ஹவில்தாரிடம் கேட்டேன், விழுந்தீர்களா என்று. இல்லை. மறதி? இல்லை. தூக்கம்? "ஃபர்ஸ்ட் கிளாஸ், ஸாப்."

பேச்சியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தன்னைப் பத்தி ஒரு வார்த்த வராது. அடுத்தவனப் பத்திக் கேளுங்க, பொழுது விடியுற மட்டும் சொல்லுவாவ."

கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அதில் ஒரு வழி தெரிந்தது.

"ஹவில்தார், உங்கள் பிளாட்டூனில் ஒரு ஆள் இருக்கிறான். உங்கள் வயது, உங்கள் உடம்பு, உங்கள் வீடு. அவனைப் பற்றி ஆபீசரிடம் ரிப்போர்ட் கொடுங்கள்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கைகள் உடலோடு ஒட்டின. குரலே மாறிவிட்டது.

"ஆளு நல்லவன், ஸாப். ஆனா இப்போ லாயக்கு இல்ல. மூணு தடவ விழுந்துட்டான். பால் வாங்கப் போனவன் அஞ்சு ஸ்டேஷன் தள்ளி கோவண்டில போயி நின்னான், எப்படிப் போனான்னு அவனுக்கே மாலூம் இல்ல."

"வேறு?"

அவர் முதுகை இன்னும் நிமிர்த்தினார்.

"போன வியாழக்கெழம மத்தியானம் தூங்கி எந்திச்சான், ஸாப். வீட்டுக்குள்ள யாரோ நிக்காவன்னு நெனச்சான். கையப் புடிச்சு முறுக்கிட்டான்."

"யார் கையை?"

"அவன் சம்சாரம் கைய."

"உங்கள் சிபாரிசு?"

"அவன அந்த எடத்துல வைக்கக் கூடாது, ஸாப். மாத்திரணும். அடுத்த தடவ கையோட நிக்க மாட்டான்."

சொல்லி முடித்துவிட்டு அப்படியே நின்றார். உட்காருங்கள் என்று நான் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். கண் எதிரே சுவரில் இருந்தது. மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

பேச்சியம்மாளுக்குக் கோபம் என் மேல்தான். "ஒரு மனுசன் வாயப் புடுங்கிட்டீயளே... எனக்கு வலிக்குன்னு நான் ஒங்ககிட்ட வந்து அழுதனா?"

செப்டம்பரில் ஹவில்தாரை, ரயிலில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்த நெருளில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். பேச்சியம்மாள் தினமும் தூக்குவாளியோடு குரு தேக் பஹாதூர் நகரில் ஹார்பர் லைன் ரயில் ஏறிப் போய் வருவார். நான் மாதம் ஒருமுறை போவேன். டிசம்பருக்குள் ஹவில்தாருக்கு மனைவியை அடையாளம் தெரியாமல் போயிற்று. ஒருநாள் என் முன்னாலேயே அந்த அம்மாளிடம் கேட்டார்.

"யாரப் பாக்க வந்திருக்கீங்கம்மா?"

"இங்க ஒரு மிலிட்டரிக்காரர் இருக்காவ. அவியளத்தான்."

"ஒழுங்கான ஆளா?"

"ஒழுங்குதான். சோத்துல உப்பு கொறஞ்சா மட்டும் சண்டைக்கு வருவாவ."

அவர் சிரித்தார். பேச்சியம்மாள் சோற்றைப் பிசைந்து கொடுத்தார்.

2014 பிப்ரவரியில் ஹவில்தார் இறந்தார். அதிகாலையில், தனியாக. முதல் ரயில் பிடித்து அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தபோது உடம்பைப் போர்த்தியிருந்தார்கள்.

ஆய்வு முடிந்தது. 'உங்கள் பிளாட்டூனில் ஒரு ஆள்' என்று எல்லோரிடமும் கேட்ட அந்தக் கேள்வி முறையைப் பலர் பாராட்டினார்கள். இன்று அதே பிரிவில் இளம் டாக்டர்கள் கையில் தொடுதிரையை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கிழவர்களும் தயங்காமல் ஆம், இல்லை என்று தொடுகிறார்கள். யாரும் எழுந்து நிற்பதில்லை. நல்லதுதான்... வேலை சீக்கிரம் முடிகிறது.

சென்ற நவம்பரில் மாட்டுங்கா மார்க்கெட்டில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். நன்றாக மெலிந்திருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கோபம் இல்லை. கீரைக்கட்டைப் பையில் வைத்தபடியே சொன்னார்:

"நீங்க கேக்காம இருந்திருந்தா என் கையோ காலோ போயிருக்கும் டாக்டரய்யா. அவிய என் பக்கத்துல கெடந்து போயிருப்பாவ."

அந்த ஆய்வு நாட்களில் என்றால் நான் பதில் சொல்லியிருப்பேன். பாதுகாப்பு, நோயின் போக்கு, சரியான முடிவு... எல்லாம் நாக்கின் நுனியில் இருந்த காலம். இப்போது எழுபதைக் கடந்துவிட்டேன். செம்பூரில் எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். காலையில் கண் விழித்ததும் முதலில் அவள் பெயரை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.