பல்லக்குக்காக விலக்கிய தடுப்பு

ஆத்தாளை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டியூர்ப் பக்கம் சாக்கடைக் குழாய் பதிக்கும் காண்ட்ராக்டர் நான். அந்த வழியாகப் போகிற பாதிப் பேர் என்னைத் திட்டிக்கொண்டேதான் வண்டி ஓட்டுகிறார்கள். அதில் நியாயமும் உண்டு.

போன பங்குனியில் அம்மன் பல்லக்கு நாங்கள் தோண்டிய தெருவழியே வந்தது. பாதை குறுகல். குழியைச் சுற்றி வைத்திருந்த தடுப்புகளை நானே விலக்கினேன். பல்லக்கு போனது. பின்னாலேயே பிரசாதம் வாங்க நானும் போனேன். தடுப்புகளைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த வழியே வந்த பால்காரர் ராமையா வண்டியோடு குழிக்குள் விழுந்தார். தலையில் அடி. நினைவு தப்பியது.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி என்னிடம், "அண்ணே, யாருண்ணே தடுப்ப எடுத்தது?" என்று கேட்டார்.

"நான்தாம்மா."

அடிப்பார் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து அழுதார். அதற்கு அடித்தே இருக்கலாம்.

என் மனைவி செல்வி வந்தாள். "ஏங்க, ரோட்டுல போறவுகளுக்கு நம்மால அடிபட்டா கொடுக்குறதுக்கு பப்ளிக் லயபிலிட்டி பாலிசி எடுத்திருக்கோம்ல? வைத்தியத்துக்குப் பயப்படாதீங்க."

"டெண்டர்ல கேட்டான்னு எடுத்தது. சரி, கண்ணத் தொறக்க வைக்க எந்தக் கம்பெனி பாலிசி போடுது?"

அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தேன்.

"தாயே, கேசு வராம..." என்று ஆரம்பித்தேன். அங்கேயே வெட்கமாகிவிட்டது. அவர் உயிருக்குப் போராடிக் கிடக்கிறார், நான் என் லைசென்ஸுக்குக் கும்பிடுகிறேன். மறுபடி கும்பிட்டேன். "கேசு வரட்டும் ஆத்தா. அந்த மனுசன் எந்திரிக்கட்டும்." அழுதேன்.

மறுநாள் காலையில் ராமையா கண் விழித்தார். என்னைப் பார்த்து, "பாலு பூராம் கொட்டிருச்சாண்ணே?" என்றார்.

"ரோட்டுக்கே அபிஷேகம் பண்ணிட்டீக."

சிரித்தார். தையல் வலித்துத் துடித்தார். நான் வெளியே போய் விம்மினேன்.

கேஸ் வந்தது. நடந்ததை அப்படியே சொன்னேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் துருவித் துருவி விசாரித்தார்கள். ஆனாலும் வைத்தியச் செலவையும் அவர் இழந்த வருமானத்தையும் கொடுத்தார்கள். அவர் இன்னும் லேசாக நொண்டுகிறார். அதைப் பார்த்தால் எனக்கு எந்தக் கேலியும் வருவதில்லை.

இப்போது பாலிசியைப் புதுப்பிக்கும்போது யாரும் கேட்க வேண்டியதில்லை. முகம் தெரியாத யாருக்காகவோ கையெழுத்துப் போடுகிறேன். அதுவும் எனக்கு ஒரு கும்பிடுதான்.

உங்களுக்கும் கஷ்டம் வரும். ஆத்தாளிடம் போங்கள். உங்களால் அடிபட்டவருக்காக முதலில் கேளுங்கள். அப்படிக் கேட்டபோதுதான் என் குரல் அவளுக்குக் கேட்டது.