ஜாலான் புசாரில் எடுத்த சோதனைப் படம்

மகளின் பிறந்தநாளுக்குள் கேமரா வாங்க வேண்டும். புதியது எதுவும் என் பட்ஜெட்டுக்குள் வரவில்லை. இணையத்தில் தேடியதில் பழையது ஒன்று கிடைத்தது. விற்பவர் சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பவிருந்த தமிழ்நாட்டு இளைஞர். ஞாயிற்றுக்கிழமை ஜாலான் புசார் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சந்தித்தோம்.

ஏதாவது குறை கண்டுபிடித்து விலையைக் குறைக்கலாம் என்ற நினைப்பில்தான் போயிருந்தேன். லென்ஸைத் துருவித் துருவிப் பார்த்தேன். வீடியோவும் எடுத்துப் பார்த்தேன்.

"தம்பி, அப்படியே நில்லுங்க. ஒரு படம் எடுத்துப் பாக்குறேன்," என்றேன்.

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். எடுத்ததைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இத எனக்கு அனுப்பி விடுறீங்களா? டார்மிட்டரில கூடத் தங்கியிருக்குற எல்லாரையும் எடுத்துக் குடுத்திருக்கேன். இந்தக் கேமராவுல நான் இருக்குற படம் இது ஒண்ணுதான்."

படத்தை அங்கேயே என் கைப்பேசிக்கு மாற்றி அவருக்கு அனுப்பினேன். பேரம் பேசாமல் அவர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கிவந்தேன்.

எங்கள் வீட்டிலும் எப்போதும் படம் எடுப்பது நான்தான். பிறந்தநாளன்று கேக் வெட்டும் நேரத்தில் கேமராவைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, மகள் பக்கத்தில் போய் நின்றேன்.