அழைக்காமல் விட்ட ஒன்பது வீடுகள்

தலைநகரின் கிட்வாய் நகரில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. அந்தப் பக்கம் போனால் எங்கள் பழைய மாடிப்படிதான் நினைவுக்கு வரும். பத்து வயதில் ஒரு சாயங்காலம் முழுக்க அதில் ஒளிந்திருந்தேன். ஆனாலும் அந்தப் படிக்கட்டுக்கு மனசு இன்னும் ஏங்குகிறது.

நவராத்திரிக்கு அம்மா ஐந்து படி கொலு வைப்பாள். வெள்ளிக்கிழமைச் சுண்டலுக்கு ஒன்பது தமிழ் வீடுகளை நேரில் போய் அழைக்க வேண்டும். அக்கா கல்லூரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் அந்த வருஷம் அது என் தலையில் விழுந்தது. அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கையில் குங்குமச் சிமிழைக் கொடுத்து அனுப்பினாள்.

முதல் வீட்டு மணிவரை விரல் போனது. உள்ளே யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. கதவு சாத்தியிருப்பது உறைக்கவில்லை. அழுத்தாமலே திரும்பி, எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டேன். இருட்டியபின் வீட்டுக்குக் கிளம்பும்போது, சிமிழில் குங்குமம் குறைந்திருக்க வேண்டுமே என்று கொஞ்சத்தை வாசல் வேப்பமரத்தில் அப்பினேன். திருட்டுத்தனத்துக்கு மட்டும் கூச்சமே இல்லை. மறுநாள் யாரோ அந்த மரத்தடியில் ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள்.

"எல்லார் வீட்லயும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்மா."

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. அம்மா பட்டுப்புடவையில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுண்டலை எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிக்குக் கொடுத்தாள். "நாம என்ன தப்பு பண்ணினோம்?" என்று அப்பாவிடம் அவள் கேட்டது என் காதில் விழுந்தது. அடுத்த வருஷம் பொம்மைகள் பரணை விட்டு இறங்கவே இல்லை. ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். வளர்ந்தேன், குருகிராமில் வேலையும் கிடைத்தது. மீட்டிங்கில் பேச வேண்டிய நாட்களில் லீவு போட்டுவிடுவேன். போன வருஷம், ஆசைப்பட்ட பதவி உயர்வை வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு, பாத்ரூமில் நின்று அழுதேன். அதன்பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனேன்.

"கூச்சம் ஒரு சுபாவம், அதில் தப்பில்லை" என்றார் அவர் இந்தியில். "ஆசைப்பட்டதை எல்லாம் அதற்காக விட்டுக்கொடுத்தால், உதவி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்." சில மாதங்கள் போய் வந்தபின், சொல்லப் பயந்த ஒன்றை ஒரே ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள் என்றார்.

நேரே ஜனக்புரிக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போவதிலிருந்து வேப்பமரம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவங்க யாரும் என்னை ஒதுக்கலையா?"

"இல்லம்மா."

நறுக்கிய பீன்ஸைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒவ்வொரு வருஷமும் நானே போய்க் கூப்பிட்டிருக்கணும். எனக்கு அந்த மணியை அழுத்தப் பயம்டி. அதான் உங்க ரெண்டு பேரையும் அனுப்பினேன்."

அவள் மறுபடி கத்தியை எடுத்தாள்.

"அந்த டாக்டர் என் வயசுக்காரங்களையும் பார்ப்பாங்களா?"

"பார்ப்பாங்க. போன் பண்ணி நேரம் கேக்கணும்."

"நீ பண்ணு."

"நீயே பண்ணும்மா."

நடுவில் கிடந்த போனை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நான்தான் எடுத்து அழுத்தினேன்.