அவள் கேட்ட கொட்டை எழுத்து

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு தாள் கிடக்கிறது. அதில் என் மகனின் பெயர், ஒவ்வோர் எழுத்தும் புளியங்கொட்டை அளவில், உருண்டையாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவள் நான்தான். கொடுக்க வேண்டியவளிடம் அதைக் கொடுக்கவில்லை.

பிரசவித்த பத்தாம் நாள் காய்ச்சல் கண்டு எனக்குப் பால் வற்றிவிட்டது. அரியமங்கலத்திலிருந்து ஒருத்தியை அழைத்து வந்தார்கள். தன் குழந்தையைப் பறிகொடுத்து ஒரு வாரம்கூட ஆகாதவள். எட்டு மாதம் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டின் கொல்லை அறையில் தங்கி என் மகனுக்குப் பால் கொடுத்தாள். தெருவில் மட்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவள் என்று சொல்லியிருந்தோம். யாராவது வந்தால் குழந்தையை வாங்கி என் மடியில் போட்டுக்கொள்வேன். அவன் அவள் பக்கமே திரும்பி அழுவான்.

அவள் ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கையில், பச்சை குத்துகிற பெண் ஒருத்தி தெருவில் வந்தாள். எழுதிக் கொடுப்பதை அப்படியே மையால் கையில் வரைந்து, அதன் மேல் ஊசியால் குத்துவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பால் கொடுத்தவளும் எழுத்தறியாதவள்; என்னிடம் வந்தாள்.

"அம்மா, பிள்ளை பேரை நீங்கதான் எழுதித் தரணும். பள்ளிக்கூடப் புஸ்தகத்துல இருக்குமே கொட்டை எழுத்து, அப்படி. நான் யாருன்னு என் வாயால சொல்ல மாட்டேன்னு பெரியம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். கை சொல்லலாமில்ல? படிக்கக் கத்துக்கிட்டதும் அவனே வாசிச்சு, ஏன்னு கேக்கட்டும்."

அப்படியே எழுதினேன். மை காயுமுன், அவள் பெரியம்மா என்று அழைக்கும் என் மாமியார் பார்த்துவிட்டார். "நம்மாத்துக் குழந்தை பேரா? தெருக்கோடியிலேர்ந்தே படிக்கலாம் போலிருக்கே!" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நானாகத்தான் இன்னொரு தாளை எடுத்து எள்ளு எள்ளாக எழுதினேன். மாமியாரிடம் பயமா, அவன் அவள் பக்கம் திரும்பி அழுததா, எது என் கையைப் பிடித்ததென்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

பச்சை குத்துகிறவள் சிரித்தாள். "ஏந் தாயி, பேரு எழுதச் சொன்னா எறும்பை ஊர விட்டிருக்கீங்க! சுழியெல்லாம் இத்துனூண்டு இருந்தா, புண்ணு ஆறும்போது ஒட்டிக்கும். பெருசாப் போடுங்க."

"பட்டணத்துல இப்போ இப்படித்தான். இதுதான் அழகு," என்றேன். பட்டணத்தை நான் பார்த்ததே இல்லை.

"படிச்சவங்க சொல்றாங்க, போடு," என்று கையை நீட்டினாள் பால் கொடுத்தவள்.

வருடம் ஒருமுறை வைகுண்ட ஏகாதசிக்கு வருவாள். அந்தக் கையை ஓரக்கண்ணால் பார்ப்பேன். எழுத்துகள் ஒன்றோடொன்று கசிந்து, பச்சைப் புழு படுத்திருப்பதுபோல் ஆகிவிட்டன. அவளுக்கு மட்டும் அது இன்னும் பெயராகவே இருந்தது.

இந்த வருடம் பையன் ஒன்றாம் வகுப்பு. கண்ணில் படும் பலகையையெல்லாம் வாசிக்கிறான். கூட்டத்தில் இடிபட்டு வந்தவள் உட்காரக்கூட இல்லை. கையை நீட்டி, "வாசி சாமி," என்றாள். அவன் குனிந்து, விரல் வைத்துத் தேடினான்.

"இதுல எழுத்தே இல்லையே. மச்சமா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க வாசிச்சுக் காட்டுங்கம்மா. பிள்ளைக்குப் பிடிபடலை."

அந்தக் கறையின் மேல் விரலை ஓட்டி, எழுத்தெழுத்தாக என் மகனின் பெயரைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. "கேட்டியா?" என்று அவன் கன்னத்தை வழித்து முத்தமிட்டுப் போனாள்.

"அவா கையில என் பேர் எதுக்கும்மா?" என்று கேட்டான் பையன். அடுக்களையில் மாமியாரின் பாத்திரச் சத்தம் நின்றது.

"பெருமாளுக்கு ஏதோ வேண்டுதலாம்," என்றேன்.